வேறு நிறத்தில் ஒரு போன்

சங்கிலிமுத்துவுக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். ஏழாயிரம்பண்ணையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் அவர் பத்தொன்பது வருஷமாக நிற்கிறார். காலையில் வேன் வந்து ஆட்களை இறக்கியதும் ஆம்பளைகளை வரிசையில் நிறுத்தி மடியைத் தடவுவார், சட்டைப் பையை உதறச் சொல்வார். பீடி, தீப்பெட்டி, சாவிக்கொத்து எல்லாம் கேட்டிலேயே நின்றுவிட வேண்டும். பெண்களைச் சோதிக்கத் தனியாக ஓர் அம்மா உண்டு. அந்த அம்மா ஒழுங்காகச் சோதிக்கிறாளா என்பதிலும் அவருக்குச் சந்தேகம் உண்டு.

ஒருதடவை ஒருவன் தலைப்பாகைக்குள் பீடியை வைத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான். அன்றையிலிருந்து எவன் சிரித்தபடி வந்தாலும் இரண்டு தடவை தடவுவது அவர் வழக்கம். "அண்ணே, சிரிச்சது ஒரு குத்தமா?" என்று கேட்டால், "காலங்காத்தால வேலைக்கு வர்றவனுக்கு என்னலே சிரிப்பு?" என்பார்.

இரண்டாயிரத்து எட்டில் கேட்டில் வாங்கி வைக்கிற சாமான்களில் பீடி குறைந்து செல்போன் கூடிவிட்டது. அதற்கென்று ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார். காலையில் ஆளாளுக்குப் போனை அதில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். நம்பர் எழுதிய சீட்டுக் கொடுத்துப் பார்த்தார். நாலு நாளில் பாதிப் பேர் தொலைத்துவிட்டார்கள். சாயந்தரம் ஆறு மணிக்கு வேன்காரன் ஆரன் அடிக்க, எல்லாக் கையும் ஒரே பெட்டிக்குள் போகும். எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு செட்டு. என்னுடையது உன்னுடையது என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். நடுவில் நிற்கிற சங்கிலிமுத்து, இதில் எவன் வேண்டுமென்றே மாற்றி எடுக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் அவருக்குச் சந்தேகம் இல்லையா என்றால், உண்டு. ஆனால் அதெல்லாம் சில்லறைச் சந்தேகம். மூன்று மாதமாக வீட்டில் குளிக்கிற சோப்பு சீக்கிரம் கரைகிறது. பலசரக்குக் கடைக்காரன் போலிச் சோப்பு விற்கிறான் என்று முடிவுகட்டிக் கடையை மாற்றினார். புதுக் கடைச் சோப்பும் கரைந்தது. ஆக இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள். மகள் பானுப்பிரியா விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். பீஸ் பாக்கி என்று மாதம் தவறாமல் வருகிற கடிதாசி மூன்று மாதமாக வரவில்லை. மொத்தமாகச் சேர்த்து வைத்துத் தலையில் கட்டப்போகிறார்கள் என்று அந்த ஹாஸ்டல்காரர்கள் மேலும் ஒரு கண் வைத்திருந்தார்.

மனைவி வேலுத்தாயை மட்டும் அவர் சந்தேகப்பட்டதில்லை. அவள் ஒரு காலத்தில் மருந்து ரூமில் வேலை பார்த்தவள். சரவெடிக்கும் பேன்சி வெடிக்கும் மருந்து கலக்கி அடைக்கிற ரூம். கூலி அதிகம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், வேறு கம்பெனியில் அதே வேலை பார்த்த அவள் தங்கை இருளம்மாள் ஒரு சித்திரை மாதத்து மதியத்தில் மருந்து வெடித்து ரூமோடு போய்விட்டாள். வீட்டுக்கு வந்தது மூட்டையாகக் கட்டிய துணிதான். காரியம் முடிந்த கையோடு சங்கிலிமுத்து மனைவியைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனி மருந்தைத் தொடமாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தார். அதிலிருந்து அவள் ஊருக்குப் பக்கத்தில், ஓட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கேட்டும் கிடையாது, சோதனையும் கிடையாது. பசையும் காகிதமும்தான். பெண்கள் நாள் பூராவும் பேசிக்கொண்டே சுற்றலாம்.

மகள்தான் போன் வேண்டும் என்று ஆரம்பித்தாள். அவளோடு பேசப் பக்கத்து வீட்டுப் போனுக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. அவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்பது சங்கிலிமுத்துவின் கணிப்பு. அவருக்குக் கேட் ரூமில் கம்பெனி போன் இருக்கிறது. ஆகவே செல்போன் வேலுத்தாயிடம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஐப்பசியில் போனஸ் வந்த மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாத்தூருக்குப் பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் காசிராஜன் நெற்றியில் பட்டையும் வாயில் சிரிப்புமாக இருந்தார். சிரிப்பைப் பார்த்ததுமே சங்கிலிமுத்து உஷாரானார்.

"வாங்க, வாங்க. என்ன மாதிரி பாக்கீக?"

"விலை சொல்லுற மாதிரி," என்றார் சங்கிலிமுத்து.

காசிராஜன் கண்ணாடி மேசையின் மேல் மூன்று செட்டுகளை எடுத்து வைத்தார். முதலாவது, சைனா செட்டு. உள்ளங்கை நிறைய இருந்தது. இரண்டு சிம், கேமரா, விரலால் தொட்டாலே நகர்கிற படம், ஊரைக் கூட்டுகிற ஸ்பீக்கர். சங்கிலிமுத்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டையும் இந்த விலைக்குக் குடுக்கான்னா, எதையோ உருவிட்டுக் குடுக்கான்னு அர்த்தம். ரிப்பேர் ஆனா எங்க போய்க் கேக்க?"

"எங்கிட்ட வாங்க."

"நீங்க அடுத்த வருசம் இங்கன இருப்பீகளா?"

காசிராஜனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது செட்டை நகர்த்தினார். பேர் பெற்ற கம்பெனி செட்டு, கறுப்பு, ரேடியோ உள்ளது. மூன்றாவது அதே கம்பெனியில் சாதாரண செட்டு. ரேடியோ இல்லை, கேமரா இல்லை. தலையில் டார்ச் லைட்டு, நாலு நாள் நிற்கிற பேட்டரி, கீழே போட்டாலும் உடையாது.

சங்கிலிமுத்து மனதுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தார். சைனா செட்டு வேண்டாம். சாதாரண செட்டு ராக்காவலுக்குப் போகிறவனுக்குத்தான் சரி. நாள் பூராவும் ஒரே இடத்தில் உட்கார்ந்து குழாய் சுற்றுகிறவளுக்கு ரேடியோதானே தேவை? கையும் ஓடும், காதுக்கும் வேலை இருக்கும். அவரே யோசித்து, அவரே சந்தோஷப்பட்டு, வருஷக்கணக்கில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். மனைவிக்கு அதிக விலைச் சாமானைக் கைகாட்டினார்.

"ரேடியோ செட்ட எடுத்துக்க, வேலு. பாட்டுக் கேட்டுக்கிட்டே சுத்தலாம்ல."

வேலுத்தாய் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "ரேடியோ எதுக்கு? சும்மா கெடக்கப்போற போனுக்கு." மூன்றாவது செட்டைக் காட்டிக் கடைக்காரரிடம் கேட்டாள். "அண்ணாச்சி, இதுல வேற கலர் இருக்கா?"

"கறுப்புத்தாம்மா நல்லாப் போகுது. அழுக்குத் தெரியாது."

"அதான் எல்லாரும் கறுப்பா வச்சிருக்காக. செவப்பு, மஞ்ச ஏதாச்சும் இருந்தாக் குடுங்க. பாத்த ஒடன எடுக்க வரணும். பின்னால ஒறை ஒண்ணு போட்டுக் குடுங்க, ஒண்ணோட ஒண்ணு ஒரசிக் கீறல் விளுந்துரும்."

"செவப்பு இருக்கு," என்று காசிராஜன் உள்ளே போனார்.

சங்கிலிமுத்து அவள் மடியைப் பார்த்தார். மடியில் கிடக்கிற போன் எதோடு உரசும்? கையெட்டுகிற இடத்தில் இருக்கிற போனை எதற்குப் பார்த்த உடனே அடையாளம் கண்டு எடுக்க வேண்டும்? ஒரே ஒரு இடத்தில்தான் நாற்பது கறுப்புப் போன் ஒன்றோடு ஒன்று உரசிக் கிடக்கும். அப்படி ஒரு பெட்டியைத் தினமும் காவல் காக்கிறவர் அவர். ஏதோ ஒரு கம்பெனியின் கேட்டைத் தாண்டி உள்ளே போகிற ஆளுக்குத்தான் இந்தச் சிவப்பு தேவைப்படும். வேனைத் தவறவிடாமல் சட்டென்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய ஆளுக்கு.

கேட்டுக்குள் மருந்து இல்லாத வேலைகளும் உண்டு. லேபிள் ஒட்டலாம், பெட்டி கட்டலாம். அதற்குப் போகிறவளாக இருந்தால் அவள் வீட்டில் சொல்லியிருப்பாள். அவருக்குச் சோப்பு ஞாபகம் வந்தது. பசையைக் கழுவத் தண்ணீர் போதும். மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடியைப் போக்கத்தான் அத்தனை சோப்பு வேண்டும். வராமல் நின்ற ஹாஸ்டல் கடிதாசியும் ஞாபகம் வந்தது. மருந்து ரூம் கூலிதான் பீஸ் கட்டியிருக்கிறது. இரண்டு பலசரக்குக் கடைக்காரர்களையும் ஒரு ஹாஸ்டலையும் மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த தன் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. ஊரான் மடியையெல்லாம் தடவிப் பார்த்தவர், பக்கத்தில் படுத்திருந்தவளின் தலைமுடியில் பொடி மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் ஒருதரம் பார்க்கவில்லை.

காசிராஜன் சிவப்பு செட்டைக் கொண்டுவந்தார். சங்கிலிமுத்து பேரம் பேசவில்லை. சீல் உடைந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. பில்லைக்கூட அவள்தான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டார். "நீ எங்க வேலைக்குப் போற?"

"இதென்ன கேள்வி? கொளாய் சுத்த."

"அங்கன எதுக்குச் செவப்புப் போன்?"

வேலுத்தாய் பில்லை எடுத்து மறுபடி மடித்தாள். பிறகு, "செவப்புப் பிடிச்சிருந்துச்சு. ஒரு பொம்பளைக்கு ஒண்ணு பிடிக்கக் கூடாதா? கேட்டுல நிக்க மாதிரியே வீட்டுலயும் நிக்காதீக," என்றாள். குரலில் கோபம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பீடியை ஒளித்து வைத்தவனும் முகத்தைப் பார்க்க மாட்டான்.

"நாளைக்குப் பத்தரைக்குக் கேட் ரூம்லருந்து போன் போடுவேன். எடு."

"கை பூராப் பசையா இருக்கும்."

"தொடச்சிட்டு எடு."

பஸ் வந்தது. ஊர் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து மகளோடு பேசும்போது மட்டும் வேலுத்தாய் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சங்கிலிமுத்துவால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் கையில் ஓட்டமில்லை. தலைப்பாகைகளைப் பிரிக்காமலே ஆட்களை விட்டார். "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். பத்து மணியிலிருந்தே அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. அவள் எடுத்துவிட வேண்டும். எடுத்து, எரிந்து விழுந்து, நாலு வார்த்தை திட்டிவிட வேண்டும். அப்படி மட்டும் நடந்தால் தன் சந்தேகத்தை அத்தோடு தலைமுழுகிவிடுவதாகக்கூட நினைத்துக்கொண்டார்.

பத்தரைக்குப் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. பசையைத் துடைக்க நேரமாகியிருக்கலாம். மறுபடி போட்டார். மூன்றாவது தடவையும் அப்படியே. நான்காவது தடவை யாரோ எடுத்தார்கள்.

"யாருங்க அது, விடாம அடிக்கது?" ஆம்பளைக் குரல்.

சங்கிலிமுத்து ரிசீவரைக் காதோடு அழுத்தினார்.

"இது கேட்டு. போனுக்கு ஒடையவுக உள்ள வேலையா இருக்காக. நீங்க யாரு?"

"வீட்டுக்காரன். வேலுத்தாய் வீட்டுக்காரன். அவ எந்த ரூம்ல இருக்கா?"

அந்தப் பக்கத்துக் குரல் உஷாராகிவிட்டது. "அவுக வீட்டுக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஏங்கிட்ட எதுக்குக் கேக்கீக? யாருன்னு ஒளுங்காச் சொல்லுங்க, இல்லாட்டி போன வச்சிருவேன்."

இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஒருத்தன் அவரைத் தடவிப் பார்க்கிறான். அவன் கேட்பதில் தப்பே இல்லை. அவராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

"தெரியும்யா," என்றார். "மருந்து ரூமு. தெரியும். வச்சிராதீக. நானும் ஒங்கள மாதிரி கேட்டுல நிக்கவன்தான். அவளக் கூப்பிட வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம். நல்லா இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க."

அந்த ஆள் எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பது போலச் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு திரும்பி வந்தான்.

"இப்ப வரைக்கும் சத்தம் ஒண்ணும் கேக்கலண்ணே," என்றான். "அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்."