பூட்டிய கடைக்குள் ஓடிய கார்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. துறைமுக வாசலுக்குப் போகும் வீதியில் என் மூத்த சகோதரர், நானா, சோடா விற்கும் ஒரு கூல்பார் வைத்திருந்தார். கடையின் பின்பாதியைப் பலகையால் மறைத்து, அதில் ஒரு கதவும் வைத்து, உள்ளே என் தையல் மெசினைப் போட்டிருந்தார். காலையில் அவரோடு வருவேன், பின்னேரம் அவரோடு போவேன். இடையில் வீதியைப் பார்ப்பதில்லை. சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒருவர் கார் ஓட்டும் கேம் மெசின் ஒன்றைக் கொண்டு வந்து கடையின் முன்பக்கம் வைத்தார். அலுமாரி அளவு பெட்டி. அதற்குள் ஒரு திரை, முன்னால் கதிரை, ஸ்டியரிங், காலுக்கு ஒரு மிதி. காசு போட்டால் திரையில் ரோட்டு ஓடத் தொடங்கும். பலகை இடுக்கால் எனக்குத் தெரிந்தது ஓட்டுகிறவரின் முதுகு மட்டும். வளைவு வந்தால் முதுகும் சேர்ந்து வளையும்.

கந்தளாயிலிருந்து வரும் லொறிக்காரர் ஒருவர் அதை விட்டு எழும்பவே மாட்டார்.

"நாள் முழுக்க லொறி ஓடிட்டு இங்கயும் ஓடுறியே, பைத்தியமா?" என்று நானா கேட்டார்.

"அங்க முன்னால மாடு, பின்னால பொலிஸ், பக்கத்துல முதலாளி. இங்க ஆரு இருக்கா நானா?"

"மோதிட்டாய், பாரு!"

"மோதினா என்ன? அடுத்த கார் தானா வருது. எங்கட முதலாளி தருவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். பலகைக்குப் பின்னால் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றிலிருந்து ஒரேயொரு தரம் அந்தக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது நானா சொன்னார்: "சனிக்கிழமை மெசினக் கொண்டு போறாங்களாம்."

ஒருதரம் ஓட்டிப் பார்க்கவா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். ஆம்பிளையள் பார்க்க அதில் ஏறி இருக்கப் போறியா என்பார். கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது கடையை மூடுவார். வெளியிலிருந்து கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, இரும்புச் சட்டம் போட்டுப் பூட்டுவார். நான் உள்ளே.

"பயமில்லையே?"

"இல்ல நானா."

ஒவ்வொரு கிழமையும் இதே கதைதான். அன்று லுஹரை அவசரமாகத் தொழுதேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. முந்தானையில் முடிந்திருந்த இரண்டு காசில் ஒன்றை மெசினில் போட்டேன்.

மிதியில் பட்டதும் கால் தன் பழக்கத்துக்கு வேலை செய்தது. முன்பாதம், குதிகால், முன்பாதம், குதிகால். கார் துள்ளியது, நின்றது, துள்ளியது. மற்றக் கார்களெல்லாம் என்னைத் தாண்டிப் போயின. பதினைந்து வயதிலிருந்து தையல் மெசின் மிதித்த கால் அது. ஒரு காசு அப்படியே போய்விட்டது.

இரண்டாவது காசுக்கு, முழங்காலை ஒரு கையால் அமத்திப் பிடித்து, மிதித்த காலை எடுக்காமல் வைத்திருந்தேன். கார் பறந்தது. ஒன்றைத் தாண்டினேன், இன்னொன்றை, பிறகு எண்ணவில்லை. என் முதுகும் வளைந்தது. பூட்டிய கடைக்குள் அந்த இரைச்சல் நிறைந்து, பூட்டுத் திறபட்டது எனக்குக் கேட்கவில்லை.

முதற் பலகையை எடுத்ததும் வெயில் திரையில் விழுந்தது. பாதி ரோட்டு மறைந்துபோனது. நானாவுக்குப் பின்னால் சோடா குடிக்க வந்த நாலைந்து பேர்.

"ஆரு நானா, உங்கட தங்கச்சியா? நல்லா ஓடுறாவே!"

நானா சிரிக்கவில்லை. "எழும்பு புள்ள" என்றார், மெதுவாக.

எழும்பத்தான் நினைத்தேன். கால் எடுபடவில்லை. நேரம் முடிந்து கார் தானாக நிற்கும்வரை, தெரியாத ரோட்டில், அத்தனை பேருக்கும் முன்னால் ஓடினேன். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போனேன். அவர் வந்தவர்களுக்குச் சோடா எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பலகைகளை நிறுத்தப் போகுமுன், என் தையல் அறைக் கதவையும் சாத்திப் பூட்டினார்.

"பயமில்லையே?"

"இல்ல நானா."

முன்பக்கத்தில் மெசின் இருந்த இடம் வெறுமையாகி ஆறு நாள் ஆகியிருந்தது.