கூடத்தில் தொங்கிய ஓடம்

இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. ஏரியூர் வேளாங்கண்ணி கடைசிவரை இதை ஒரே மாதிரிதான் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஜப்பான் சண்டை நடந்த சமயம். அந்தக் கோடையில் காவிரியில் அணைத் தண்ணீர் வெகுவாக வற்றி, சேற்றுக்குள்ளிருந்து ஒரு மர ஓடம் வெளியே வந்தது. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. வேளாங்கண்ணியின் கணவன் யாகப்பன் அதை வண்டியில் ஏற்றிவந்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுவீட்டுக் கூடத்து உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டான். விளிம்பு நெடுகக் கண்ணாடிக் கிண்ணங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் ஆமணக்கெண்ணெய் ஊற்றித் திரி போட்டான். ஏற்றினால் கூடமே பொன்னாய் மின்னும். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

வேளாங்கண்ணி கால் முறிந்து படுத்திருந்தாள். சுவரோரம் கயிற்றுக்கட்டில். பிடிக்க ஆளில்லாமல் எழ முடியாது.

அன்று தவக்கால வெள்ளி. பொழுது சாய்ந்ததும் யாகப்பன் விளக்குகளை ஏற்றிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினான்.

"சிலுவைப்பாதை முடிஞ்சதும் வந்துர்றேன்."

"கதவத் தெறந்தே வெச்சிட்டுப் போங்க," என்றாள்.

"காத்துல வெளக்கு அணைஞ்சிரும்." சாத்திவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு... சொட்.

ஓடத்தின் அடியிலிருந்து ஒரு துளி. எண்ணெய் என்று நினைத்தாள். ஆனால் சேற்று நாற்றம் அடித்தது.

சங்கிலி கிறீச்சிட்டது. ஓடத்தின் ஒரு முனை மெல்லத் தாழ்ந்தது... யாரோ ஏறி உட்கார்ந்தது போல.

சளக்... சளக்... தண்ணீரில் துடுப்பு விழும் சத்தம்.

அந்த முனை விளக்கு அணைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

கத்தப் பார்த்தாள். முடியாமல் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள்.

"இருக்கறியா, ஆத்தா?"

மூச்சிரைக்கும் ஆண் குரல். மேலேயிருந்து.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நீ எந்திரிக்க வேணாம். நான் தூக்கிக்கறேன்."

கட்டிலின் தலைமாடு தரையை விட்டு எழும்பியது.

கால்மாடும்...

யாகப்பன் கதவைத் திறந்தபோது கூடம் இருட்டு. கட்டில் சுவரோரம் இல்லை. ஓடத்துக்கு நேர் கீழே நின்றது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தாள் வேளாங்கண்ணி.

விடிந்ததும் ஓடத்தை வண்டியில் ஏற்றி ஆற்றுக்கே கொண்டுபோனான். கரையில் பரிசல் போடும் மாதையன் அதைப் பார்த்ததும் தலைத்துண்டை இறக்கினான்.

"இது ஓடக்காரன் குள்ளனோட ஓடமுங்க. ஏழெட்டு வருசத்துக்கு முந்தி வந்த வெள்ளத்துல ஊரையே கரை சேத்தவன். நடக்க முடியாத பொம்பள ஒருத்தி கட்டில்ல கெடக்கறாள்னு மறுக்காப் போனான். திரும்பல."

"அந்தப் பொம்பள?"

"அவள அவ அண்ணன் முன்னமே தோள்ல போட்டுத் தூக்கியாந்துட்டானுங்க," என்றான் மாதையன். "குள்ளன்கிட்டதான் யாரும் சொல்லல."