தண்ணீரில் இறங்காத படகு

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் அவளுக்கு ‘அரைத்தூக்கம்’ என்று பட்டப்பெயர். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் விட்டுக்கொண்டே வேறெங்கோ போய்விடுவாள். ஆவி எழும், வெள்ளைத்துணி மெதுவாக நகரும், அவளுக்கு அது கடல்.

அந்தக் கடல் அவள் போனில், ஓர் ஆட்டத்துக்குள் இருந்தது. ஆளுக்கொரு தீவு, செடி வைக்கலாம், விளக்கேற்றலாம், அவ்வளவுதான் ஆட்டம். அடுத்த தீவு வெளிநாட்டிலிருந்த தங்கையுடையது. இருவரும் சேர்ந்து தொடங்கியது. அம்மா இறந்தபோது தங்கை வரவில்லை. "இனி எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்று இவள் வார்த்தையை விட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்! அன்றோடு பேச்சு நின்றது. ஆனாலும் சாயங்காலம் தங்கையின் தீவில் விளக்கு எரியும். அதைப் பார்த்தால்தான் இவளுக்கு மனசு ஆறும்.

ஒருநாள் காசு கொடுத்து ஆட்டத்துக்குள் ஒரு படகு வாங்கினாள். இருவர் ஏறினால்தான் நகரும் படகு. ‘அழை’ என்ற பொத்தானை அழுத்தினால் பக்கத்துத் தீவுக்கு அழைப்பு போகும். அழுத்தத்தான் தைரியம் இல்லை. தங்கை வராமல் போய்விட்டால்? படகு கரையிலேயே கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அறிவிப்பு வந்தது: வெள்ளிக்கிழமையோடு ஆட்டத்தை மூடுகிறார்கள்.

கூடத்தில் துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கொதித்தார். "காசு வாங்குனவன் கடையைச் சாத்துறான், நீ வேடிக்கை பாக்குறியா? தொடாத பொருளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேக்குறது உன் உரிமைம்மா. கேளு!"

கேட்டாள். முதலில் கையை விரித்தார்கள். அண்ணன் விடுவாரா? "புகார் குடுப்போம்" என்று அவரே எழுதி அனுப்ப, கம்பெனி இறங்கி வந்தது. படகைப் பயன்படுத்தவே இல்லை என்பதால் முழுப்பணமும் உண்டு. ‘சரி’ என்று அழுத்தினால் பணம் வரும், படகு போகும். யாரையாவது அழைத்துவிட்டால் பயன்படுத்திய கணக்கு, பணம் கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்தேன், இன்னும் என்ன யோசனை?" என்றார் அண்ணன்.

இதையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் தங்கையைக் கூப்பிட வேறு வழியே இல்லை என்று தோன்றியது. பயந்துகொண்டே ‘அழை’யை அழுத்தினாள்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! கைக்கு வந்த காசை இப்படி விட்டுட்டியே!"

அவள் காதில் விழவில்லை. அடுத்த தீவிலிருந்து சின்ன உருவம் ஒன்று இறங்கி வந்து படகில் உட்கார்ந்தது. படகு மெல்ல ஆடி நகர்ந்தது. கரை போயிற்று, கூடம் போயிற்று, மெஷின்களின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. எல்லாப் பக்கமும் நீலத் தண்ணீர்.

தங்கை எழுதினாள்: "அக்கா, நானும் இதே படகை வாங்கி வெச்சிருந்தேன். நீ வரவே மாட்டேன்னு நெனச்சு நேத்துதான் திருப்பிக் குடுத்தேன்."

படித்ததும் இவள் மளமளவென்று எழுதினாள்: "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உன்னை எங்கடி தேடுவேன்? கோவத்துல உன் நம்பரை அழிச்சிட்டேனே."

"நான் உன் நம்பரை அழிக்கலக்கா."

கடல் மறைந்தது. திரையில் பெயரில்லாத ஓர் எண் வந்து, போன் ஒலிக்கத் தொடங்கியது.