ஒரு காலித் தோட்டா குறைந்தது

என் வீட்டுக்காரரைச் சுட்டது ஒரு நாட்டுத் துப்பாக்கி. பாண்டியிலிருந்து சாராயம் ஏற்றி வந்த வேனை, விடியற்காலையில் மாமல்லபுரம் ரோட்டில் கை காட்டி நிறுத்தினார். அவர் போலீஸ் ஏட்டு, கையில் இருந்தது லத்தி. வேனுக்குள் இருந்தவன் கையில் இருந்தது, எவனோ வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயை அறுத்துச் செய்த சனியன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சிலிருந்து எடுத்ததெல்லாம் சைக்கிள் பால்ரஸ் குண்டுகள். எந்தச் சைக்கிள் கடையிலும் கை நிறைய வாங்கலாம். இன்றைக்கும் யாராவது சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ரிப்பேர் செய்தால் எனக்கு வயிறு பற்றி எரியும்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் எங்களுடையது. அதிகாரிகள் மாலையும் கையுமாக வந்தார்கள். செத்தவன் கண் செந்தாமரைக் கண் என்பார்கள். எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்று இவர் லீவு கேட்டபோது எரிந்து விழுந்த அதே இன்ஸ்பெக்டர், தங்கமான மனுஷன் என்று சொல்லிக் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுடுகாட்டில் துப்பாக்கி வெடிக்க வேண்டாம், குண்டு பட்டுச் செத்தவருக்கு மறுபடியும் எதற்கு அந்தச் சத்தம் என்று கேட்டேன். அது அரசாங்க மரியாதை, வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்றார். எங்கள் சொந்தக்காரப் பெண்களுக்கும் அந்த மரியாதை வேண்டியிருந்தது. குப்பத்தில் இதுவரை யார் சாவுக்கும் துப்பாக்கி வெடித்ததில்லையாம். சீர்வரிசை பார்க்க வந்தவர்களைப் போலக் காத்திருந்தார்கள்.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. சவுக்குத் தோப்புக்கு அப்பால் மூன்று முறை வெடித்தது. கூரை மேல் இருந்த காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தன. என் மகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, "அப்பாவ மறுபடியும் சுடறாங்க" என்று கத்தினாள். அவளை வெளியே இழுக்க என்னால் முடியவில்லை. மரியாதை இப்படியாக நல்லபடி முடிந்தது.

போன ஆண்கள் மட்டும் திரும்பி வரவில்லை. வெகுநேரம் கழித்து வந்த என் கொழுந்தன்தான் விஷயத்தைச் சொன்னார். வெடித்ததும் துப்பாக்கியிலிருந்து விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, எண்ணி, ஆயுதக் கிடங்கில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அதில் ஒன்று குறைகிறதாம். ஒரு பக்கம் சிதை எரிய, சல்யூட் அடித்தவர்கள் இன்னொரு பக்கம் முட்டி போட்டு மணலைச் சலித்திருக்கிறார்கள். சாவுக்கு வந்தவர்களை நிற்க வைத்து வேட்டியை உதறச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தவர் என் மாமனார். அவரிடம் மட்டும் கேட்கக் கூசி விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம், சுட்டவர்களில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே வந்தார். என் வீட்டுக்காரரின் சிநேகிதர், எங்கள் வீட்டில் பல நாள் சாப்பிட்டவர். காணாமல் போனது அவருடைய காலித் தோட்டாவாம். வேலை போய்விடும் அண்ணி என்று அழுதார். காலையில் சவத்தின் பக்கத்தில் நின்றபோதுகூட அப்படி அழவில்லை.

மாமனார் கடலில் முழுகிவிட்டு வந்து ஈரத்தோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வலது கையை மூடியபடி வைத்திருந்தார். கையில் என்ன மாமா என்று கேட்டேன்.

"இருந்தா இன்னா? எம் புள்ளைய எடுத்துகினு பூட்டானுங்க. இத்தையாவது நான் வச்சிக்கினு போறேன்."

வலை இழுத்துக் காய்த்துப்போன கை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அதை எடுக்க முடிந்தது. உள்ளங்கையில் அதன் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. எடுத்து அந்தப் போலீஸ்காரரிடம் கொடுத்தேன். அப்பாடா என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் மலர்ந்த முகம் அது ஒன்றுதான். ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

ஒரு ஈயைக்கூடக் கொல்லாத, சத்தத்துக்கு மட்டும் மருந்து அடைத்த தோட்டாவுக்கு இவ்வளவு தேடல். வேனுக்குள் இருந்து சுட்டவன் பிடிபட்டதும், கொன்ற துப்பாக்கியை உப்பங்கழியில் வீசிவிட்டதாகச் சொன்னானாம். ஒரு காலை வேளை தேடினார்கள், சேறு அதிகம் என்று கரையேறிவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து செங்கல்பட்டு கோர்ட்டில் அவனை விட்டுவிட்டார்கள். ஆயுதம் கிடைக்கவில்லை, வேன் டிரைவரும் சாட்சியை மாற்றிச் சொல்லிவிட்டான். அவன் எங்கள் கண் முன்னாலேயே கோர்ட்டு வாசலில் நின்று டீ குடித்தான், வடை கேட்டு வாங்கினான். அந்த வடை தொண்டையில் அடைத்து அவன் சாகட்டும் என்று மனதார வேண்டினேன். அதுவும் நடக்கவில்லை.

மாமனாரோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ்ஸுக்காக நின்றபோது என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, நான் எடுத்தத அன்னிக்கே வாங்கிகினு பூட்டாங்களே. அவன் கையில இருந்தத மட்டும் ஏம்மா யாரும் வாங்கல?"

மாமல்லபுரம் பஸ் வந்தது. அதே கையைப் பிடித்துத்தான் அவரை ஏற்றிவிட்டேன்.