லண்டன் வாத்தியார்

இங்கிலீஷ் சரளமாக வர வேண்டுமானால் இன்டர்நெட்டில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசு என்று காலேஜில் கூடப் படித்தவள் ஒருத்தி சொன்னாள். அவள் நன்றாக இருக்கட்டும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் நடந்தது. நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். காலேஜில் இங்கிலீஷ் பேப்பரை மனப்பாடம் செய்து பாஸ் ஆனவள். சென்னையில் ஒரு கால் சென்டருக்கு எழுதிப் போட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். முழுக்க இங்கிலீஷில்தான் பேச வேண்டும். தேறினால் வேலை, ஹாஸ்டல். தேறாவிட்டால் அம்மாவோடு களை எடுக்கப் போக வேண்டும். களை எடுப்பது கேவலம் இல்லை. இரண்டு வருடம் போயிருக்கிறேன். எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

உத்திரமேரூர் பஜாரில் ஒரு பாய் செருப்புக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்பக்கம் நான்கு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு. அதுதான் பிரவுசிங் சென்டர். முதல் நாள் தனியாகப் போனேன். பாய் என்னை உள்ளே விடவில்லை.

"அம்மாவ இட்டுக்கினு வா பாப்பா. தனியா உக்காந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவான். எனக்குப் பேஜாரு."

மறுநாளிலிருந்து அம்மா வந்தாள். மத்தியானம் கழனியிலிருந்து வந்து, கால் சேற்றைக் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் திருப்புலிவனத்தில் என்னோடு பஸ் ஏறுவாள். தடுப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

அரட்டை அறைக்குள் நுழைந்ததும் கேட்பது மூன்றே விஷயம். வயசு என்ன, ஆணா பெண்ணா, எந்த நாடு. பெண் என்று அடித்ததுதான் தாமதம், திரை முழுக்கச் சின்னச் சின்ன ஜன்னல்கள் குதித்தன. எச்சில் இலையைப் பார்த்த நாய்கள் மாதிரி. எங்கள் ஊர் பஸ்ஸில் ஒருத்தன் மேலே சாய்ந்தால், "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்போம். அண்ணா என்று நாலு பேர் காதில் விழக் கூப்பிட்டுவிட்டால் எப்பேர்ப்பட்ட பொறுக்கியும் கொஞ்சம் நகர்வான். அதே நினைப்பில் எல்லோரையும் இங்கிலீஷில் அண்ணா என்று கூப்பிட்டேன். ஒருத்தனும் நகரவில்லை. இரண்டு பேருக்கு அது இன்னும் ருசியாக இருந்தது.

என்ன உடுத்தியிருக்கிறாய் என்று ஒருத்தன் கேட்டான். அது ஆரம்பம். அடுத்து அடித்ததை நான் எழுத மாட்டேன்.

"இன்னாடி சொல்றான்?" என்றாள் அம்மா.

"அவங்க ஊர்ல மழையாம்."

"நம்ம பக்கம் ஒரு சொட்டு இல்ல, ஏரி காஞ்சிக் கெடக்குது, கெணத்துத் தண்ணியிலதான் பயிரு நிக்கிதுன்னு சொல்லு."

உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே என் கையைப் பிடித்து வெளியே இழுத்திருப்பாள். நேர்முகத் தேர்வும் அதோடு போயிருக்கும். அதனால் மழை என்றேன்.

நாலாம் நாள் ஒருத்தன் வந்தான். லண்டனில் வாத்தியாராம், ஐம்பது வயசாம். நிஜமோ பொய்யோ, இங்கிலீஷ் மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. நான் தப்பாக எழுதினால் திருத்துவான். ஏன் தப்பு என்றும் சொல்வான். திருத்தி முடித்ததும் அசிங்கமாக ஒரு கேள்வி கேட்பான். முடியாது என்பேன். சரி என்று இன்னொரு வாக்கியம் திருத்துவான், மறுபடியும் கேட்பான். தினமும் இதுதான். நாற்றம் தெரிந்தேதான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனைக் கண்டு அருவருத்தது பாதி என்றால், மறுநாள் அவன் வந்திருப்பானா என்று தேடிய என்னைக் கண்டு அருவருத்தது மீதி.

யாரோ வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா செருப்பைத் தடுப்புக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"வாத்தியாருக்கு வணக்கம் சொல்லு. அவரு சம்சாரம் நல்லா கீறாங்களான்னு கேளு."

அந்த நேரம் அவன் கேட்டிருந்த கேள்வி திரையில் அப்படியே நின்றது. "முட்டி வலியாம்மா அவங்களுக்கு" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"த்சு, பாவம்" என்றாள் அம்மா.

இப்படிப் பத்து நாள். ஒரு காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் கேட்டாள். அவளுக்கு பி.காம் படிக்கிற மகள் ஒருத்தி.

"யக்கா, ஒம் பொண்ணு யாரோ வெளிநாட்டு வாத்தியாருகிட்ட கத்துக்கினு கீதாமே. எம் பொண்ணையும் இன்னிக்கி உங்கூட இட்டுக்கினு போயேன்."

"அதுக்கின்னா, வரட்டும். தங்கமான வாத்தியாரு. ஒரு தபா கூட கோச்சிக்கினது இல்ல."

நான் குடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவை வீட்டுக்குள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. இன்னின்ன கேட்டான் என்றே சொன்னேன். சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

கத்துவாள், அடிப்பாள் என்று நின்றேன். அம்மா கேட்டது வேறு.

"அப்போ மழ பேஞ்சிதுன்னது?"

"பொய்."

"அந்தம்மா முட்டி வலி?"

"நானா சொன்னேன்."

"அந்தம்மாவுக்காக மாரியம்மனுக்கு வௌக்கு போட்டேனேடி. எவனோ ஒரு பொறம்போக்கு பொண்டாட்டிக்கு. அப்டி ஒருத்தி கீறாளோ இல்லியோ." வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். "செருப்ப வேற கயிட்டிப் போட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரியிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அந்தப் பெண் வரவில்லை. மத்தியானம் அம்மா புடவை மாற்றாமல், சேற்றுக் காலோடு, "கெளம்பு" என்றாள். பாய் கடைக்குள் செருப்போடு நடந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவன் கீறானா?"

இருந்தான்.

"நான் சொல்றத அப்டியே இங்கிலீஷ்ல அடி. ஒண்ணு வுடாத. சோறு துன்றியா, வேற எதுனா துன்றியான்னு கேளு. வாத்தியாருன்னு சொல்லிக்கினு திரியிறியே, இங்க எழுதுனத ஒம் பொண்ணுகிட்ட படிச்சிக் காட்டுவியான்னு கேளு."

இன்னும் சொன்னாள். கழனியில் வரப்பு வெட்டுகிற சண்டையில் வரும் வார்த்தைகள். அதற்கெல்லாம் இங்கிலீஷில் எனக்கு எங்கே வார்த்தை? தேடித் தேடிப் போட்டேன். அந்த மூன்று வாரத்தில் நான் நிஜமாகச் சொல்ல நினைத்து எழுதிய இங்கிலீஷ் அது ஒன்றுதான். அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

பதில் வந்தது. முதலில் ஒரு சிரிப்பு. பிறகு என் இரண்டாவது வாக்கியத்தைத் திருத்தியிருந்தான். கீழே, நன்றாக இருக்கிறது, இன்னும் திட்டு என்று.

"இன்னா சொல்றான்?"

"சிரிக்கிறாம்மா. இன்னும் திட்டச் சொல்றான்."

அம்மா திரையை ஒரு முறை பார்த்தாள். மலத்தை மிதித்துவிட்டுக் காலைப் பார்ப்பார்களே, அந்த முகம். "எந்திரி" என்றாள்.

வெளியே பாய் கேட்டார். "இன்னாம்மா, வந்த ஒடனே கெளம்பிட்டீங்க?"

"உம் பொட்டியில மனுசங்களே இல்லியா பாய்?"

"மனுசன்லாம் வேல வெட்டிக்குப் போயிருப்பான்மா. மிச்சம் மீதிதான் இதுல உக்காந்துகினு கீது."

அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை. மிச்சமிருந்த நாட்களில் ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தேன். நேர்முகத் தேர்வுக்கு அம்மாவும் சென்னைக்கு வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

உள்ளே ஏசி அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் சிரித்த முகமாகத்தான் கேட்டாள். உன் ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு.

வாயைத் திறந்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அடுத்த வார்த்தை வரவில்லை. முடியாது, வேண்டாம், அப்படிப் பேசாதீர்கள், தயவுசெய்து பாடத்தை மட்டும் சொல்லுங்கள் என்று இருபது விதமாகச் சொல்ல இங்கிலீஷ் தெரியும். அதைத்தான் நாள் தவறாமல் பழகியிருந்தேன். இரண்டு நிமிடம் முடியும் முன்பே அந்த அம்மாள் நன்றி சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திரும்பும் பஸ் செங்கல்பட்டைத் தாண்டியது. அம்மா மெதுவாக, "இன்னா கேட்டாங்க?" என்றாள்.

"ஊரப் பத்திச் சொல்லச் சொன்னாங்க."

"பொறந்து வளந்த ஊரு. அதக் கூடவாடி சொல்லத் தெரியல?"

"இது வரைக்கும் எவனும் அதக் கேக்கலம்மா" என்றேன்.