ஓடுபாதை அடைபட்ட நாளில் தூத்துக்குடிக்கு

இந்த வாரம் நான் கண்ணால் கண்டதையும், சம்பந்தப்பட்டவர் வாயால் கேட்டதையும், அவர் கைப்பேசியில் எழுத்தாக வாசித்ததையும் மட்டுமே எழுதுகிறேன். காரணம் உண்டு. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் எங்கள் தெருவில் இந்தச் செய்தி ஏற்கெனவே வீட்டுக்கு வீடு வளர்ந்துவிட்டது. ஒரு வீட்டில் ‘அந்தப் பெண்ணின் கம்பெனி ஜெட் விமானம் திருவனந்தபுரத்துக்கு வந்தாயிற்று’ என்கிறார்கள். அடுத்த வீட்டில், அதற்கு விமான நிலையத்தை ஒட்டிய சாக்கைப் பகுதியில் அலுவலகக் கட்டடமே பார்த்துவிட்டார்கள்! ஒரு பெண்ணின் உத்தியோகம் இதில் அடங்கியிருப்பதால் நான் ஒரு சொல்லும் கூட்டமாட்டேன். அவள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்; நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

ஆனந்தி எங்கள் அடுத்த வீட்டுச் சங்கரனின் மகள். சிறிய புரொப்பெல்லர் விமானங்கள் ஓட்டும் ஒரு நிறுவனத்தில் துணை விமானி. அவளுடைய ‘பேஸ்’, அதாவது அவள் எந்த ஊரிலிருந்து பணிக்குப் புறப்பட வேண்டுமோ அந்த ஊர், பெங்களூரு. வீடு இங்கே, வேலை அங்கே.

அதிலும் பாதி நாட்கள் ஓட்டும் வேலை அல்ல, ‘ஸ்டாண்ட்பை’. வேறொரு விமானிக்குக் காய்ச்சல் வந்தால் அழைப்பார்கள். அதுவரை பெங்களூருவில், சீருடையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காக நான்கு பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். கட்டில்கள் இரண்டுதான். நால்வரும் ஒரே நாளில் அங்கே தங்கியதே இல்லையாம்!

இப்போது அந்த நிறுவனம் புரொப்பெல்லர் விமானங்களைக் குறைத்து ஜெட் வாங்குகிறது. திருவனந்தபுரத்தில் புதிய பேஸ் திறப்பதாகவும் உத்தேசம். அதை அறிவிக்கும் சுற்றறிக்கையை நான் வாசித்தேன். புதிய பேஸின் முதல் அணிக்குத் தேர்வு பணிமூப்பின்படி நடக்கும். ஆனால் கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒரு ஸ்டாண்ட்பைகூடத் தவறியிருக்கக் கூடாது. ஆனந்திக்குப் பதினோரு மாதம் சுத்தமாகக் கடந்திருந்தது.

மிச்சம் ஒரு மாதம். அதில் வந்து சேர்ந்தது ஆறாட்டு.

எங்கள் ஊருக்கு மட்டுமே உரிய ஒரு விந்தை இது: வருடத்துக்கு இரண்டு முறை, சுவாமியைக் கடலில் நீராட்டும் ஆறாட்டுக்குக் கோயில் ஊர்வலம் கடற்கரைக்குப் போவதற்காக விமான நிலையத்தின் ஓடுபாதை அடைக்கப்படும். சங்கரன் கோயிலில் பணி செய்பவர். ஊர்வலத்தோடு ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரை வரை நடப்பவர். அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு, எப்போது கிளம்புகிறார் என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். ஆனந்தி சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“நாலு மணிக்கு முன்னாடி கிளம்பிடுவேன் ஓய்,” என்றார் சங்கரன். “அப்புறம் ஒம்பது வரைக்கும் ரன்வே எங்களுக்குத்தான்.”

இஸ்திரிப் பெட்டி மேலே போனது, கீழே வரவில்லை.

“அப்பா... ஆறாட்டு இன்னிக்கா?”

“பின்னெ? ஒரு வாரமா இந்த ஆத்துல வேற என்ன பேச்சு? விமானம் ஓட்டறவளுக்கு ரன்வே அடைக்கறது தெரியாதா?”

“ஓட்டற அன்னிக்கு ரன்வே நோட்டீஸை ஒரு வரி விடாம படிப்பேன்பா. பயணியா உக்காண்டு போற அன்னிக்கு ஒண்ணும் பாக்கறதில்லை. ஓர்மையே இல்லை.”

மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு அவளுக்குப் பெங்களூருவில் ஸ்டாண்ட்பை தொடக்கம். மாலை ஆறரை மணி விமானத்தில் போவதாக இருந்தாள். அந்த விமானத்தை அன்றைக்கு மட்டும் பகல் ஒரு மணிக்கு முன்தள்ளிவிட்டார்கள். பயணச்சீட்டு வாங்கிய எல்லோருக்கும் குறுஞ்செய்தி போயிருக்கிறது. ஊழியருக்கோ சீட்டு உறுதி கிடையாது. காலி இடம் இருந்தால் ஏறலாம், அவ்வளவுதான். சீட்டு இல்லாதவருக்கு யார் செய்தி அனுப்புவார்கள்?

காசு கொடுத்தாவது வாங்கலாம் என்று தேடினோம். நான்கு மணிக்கு முன்பும் ஒன்பதுக்குப் பிறகும் புறப்படும் வேறு நிறுவன விமானங்களில் ஓர் இடமும் இல்லை. ரயில் மறுநாள் காலையில்தான் போய்ச் சேரும். அப்போது ஆனந்தி கைப்பேசியிலிருந்து தலைநிமிர்ந்து, தூத்துக்குடி என்றாள். அவர்கள் நிறுவனத்தின் சிறு விமானம் ஐந்து ஐம்பதுக்கு அங்கிருந்து பெங்களூருவுக்குப் புறப்படுகிறது. ஒன்பது இடம் காலி; சொந்த நிறுவன விமானத்தில் ஊழியர் காசு கொடுத்துச் சீட்டு வாங்க விதி இல்லையாம், காலி இடம்தான் வழி. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

சங்கரன் கூட வருகிறேன் என்றார். ஊர்வலத்துக்கு எடுத்து வைத்திருந்த வேட்டியை மடித்து உள்ளேயே வைத்துவிட்டார். ஆனந்தி அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க நடங்கோப்பா. ஒருத்தருக்காவது இன்னிக்கு ரன்வே உபயோகப்படட்டும்.”

துணைக்கு நான் ஏறிக்கொண்டேன். வண்டி, ஆரியசாலையில் வாடகைக் கார் ஓட்டும் செல்வத்துடையது, வள்ளியூர்க்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்ணாடியில் ஆனந்தியைப் பார்த்தார்.

“மேல போறவங்கள தரை வழியா கொண்டு சேக்கச் சொல்லுதீங்க. நடக்கட்டும் அக்கா.”

பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை... எல்லாம் பழகிய நெரிசல்தான். ஆனால் மார்த்தாண்டத்தில் இருபத்தைந்து நிமிடம் சக்கரம் உருளவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனந்தி கைப்பேசியில் விமானத்தின் காலி இடங்களைப் பார்த்தாள். ஒன்பது ஆறாயிற்று. ஆகாயத்தில் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பெண், தக்காளி ஏற்றிய ஒரு லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் காற்று வண்டியில் மோதியதும் நான்குவழிச் சாலை விரிந்தது. செல்வம் வண்டியை விரட்டினார். எனக்கு எழுபது வயதாகப்போகிறது; ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியாகப் பயந்ததில்லை!

இதற்கிடையில் பேஸ் என்றால் என்னவென்று செல்வம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“அப்ப எனக்கு ஆரியசாலதான் பேஸு. பொண்டாட்டி புள்ளைக வள்ளியூர்ல. மாசம் ரெண்டு நாளு போவேன். உங்களுக்கு எத்தன நாளுக்கா?”

“எட்டு.”

“அப்ப நீங்க பரவால்ல லா.”

மூவரும் சிரித்தோம். ஐந்து நிமிடத்தில் வள்ளியூர் வந்தது. அந்தத் திருப்பத்தில் செல்வம் தலையை மட்டும் திருப்பினார். வண்டியின் வேகம் குறையவில்லை.

நாங்குநேரியில் காலி இடம் இரண்டு. திருநெல்வேலி புறவழிச்சாலையில் பூஜ்யம்.

திரும்பிவிடலாமா என்று கேட்க நான் வாயெடுத்தேன். அவளே பேசினாள்.

“போலாம் மாமா. புக் பண்ணினவா எல்லாரும் வரமாட்டா. யாராவது ஒருத்தர் வராம இருப்பா.”

இப்படியும் ஒரு நம்பிக்கை உண்டா? ஊரே பயணம் போகும் மாலையில், முகம் தெரியாத ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று மூன்று பேர் மனமார விரும்புகிறோம்!

நான்கு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்துக்கு வாகைக்குளம் விமான நிலைய வாசலில் இறங்கினாள். என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கவுண்டருக்குப் பக்கத்தில் அவள் பெட்டியோடு ஒதுங்கி நின்றாள். ஐந்து ஐந்து. ஐந்து ஆறு. கவுண்டரிலிருந்தவர் திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு அவளை நோக்கிக் கைகாட்டினார்.

அவள் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினாள். நான் பக்கத்திலிருந்த செல்வத்தின் கையைப் பிடித்துக் குலுக்கியதாக அவர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை; அவர் சாட்சியத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

திரும்பும் வழியில் வள்ளியூரில் வண்டி நின்றது. எத்தனை நேரம் நின்றது என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை.

மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு ஆனந்தி ஸ்டாண்ட்பையில் இருந்தாள். அன்று முழுவதும் யாரும் அழைக்கவில்லை. உலகத்தில் பாதி உத்தியோகம் இப்படித்தான் போலும்... நம்மைத் தேடமாட்டார்கள், ஆனால் தேடும்போது நாம் இல்லாமல் இருந்துவிடக் கூடாது. இரண்டாம் நாள் அழைப்பு வந்தது. எந்த ஊருக்கு? மாலையில் அவள் அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்: “மாமா, நம்ம ஊருக்குத்தான் வந்தேன். இருபத்தஞ்சு நிமிஷம். கதவு திறந்தது. இறங்க முடியலை. அப்பாகிட்ட சொல்லாதீங்கோ.”

சொல்லவில்லை. இனி அவரும் இங்கே வாசித்துக்கொள்வார். அதற்கு ஆனந்தியின் சம்மதம் நேற்றுக் கிடைத்தது.

அவளுடைய பன்னிரண்டாவது மாதம் இந்த வாரம் தவறின்றி முடிந்தது. இது உறுதி. பெயர்ப்பட்டியல் இன்னும் வெளிவரவில்லை. திருவனந்தபுரத்தில் பேஸ் திறக்குமா, திறந்தால் அவள் பெயர் அதில் இருக்குமா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று தூத்துக்குடியில் விமானத்தைத் தவறவிட்டவர் யார், ஏன் வரவில்லை என்பதும் தெரியாது. அவருக்கு நல்ல காரணம் இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் என் விருப்பம், தகவல் அல்ல.