ஒரு நிமிட ஆட்டமும் திருத்தணி ஸ்டேஷனும்

செல்போனில் ஒரு நிமிட செஸ் ஆடுவதால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று செஸ் ஆடாதவர்கள் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆடுகிறவர்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். உண்டு என்பதற்கும் என்னிடம் அத்தாட்சி இருக்கிறது, இல்லை என்பதற்கும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நிமிடம்தான். அந்த அறுபது நொடிக்குள் நம் பங்கு ஆட்டத்தை ஆடி முடித்துவிட வேண்டும். எதிராளியின் ராஜாவை மடக்கினாலும் வெற்றி, அவருடைய நேரம் தீர்ந்துபோனாலும் வெற்றி. எதிரே இருப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று ஒரு சின்னக் கொடி காட்டும், அவ்வளவுதான். ஆணா பெண்ணா, தூங்கி எழுந்தவரா தூங்கப் போகிறவரா, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

நான் அரக்கோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களிடம் ரத்தம் எடுத்து, குழாய்களை மெஷினில் அடுக்கிச் சுற்றவிட்டால் பத்து நிமிடம் எனக்குச் சும்மாதான். அதற்குள் நாலு ஆட்டம் ஆடலாம். அதே பத்து நிமிடத்தில் டீக்கடைக்குப் போய் நிற்கிறவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. என்னை மட்டும் கேட்பார்கள். பலகை வைத்து நிதானமாக ஆடு, அதுதான் செஸ் என்று ஒருவர் சொன்னார் என்பதற்காக, ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கூட்டம் ஒன்றுக்கும் போய்ப் பார்த்தேன். ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் ஒரு குதிரையை நகர்த்த இருபது நிமிடம் யோசித்தார். யோசித்து யோசித்து அதைத் தப்பான கட்டத்தில் வைத்தார். இதே தப்பை நான் ஒரு நொடியில் செய்வேனே என்று எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வேக ஆட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. எதிராளி காயை நகர்த்துவதற்கு முன்பே நம்முடைய பதிலைப் போட்டு வைத்துவிடலாம். அவர் ஆடிய மறுகணம் நம் காய் தானாக நகரும். நேரம் துளியும் செலவாகாது. நாம் நினைத்ததையே அவர் ஆடினால் பிரமாதம். வேறு எதையாவது ஆடிவிட்டால் நம் ராணி அம்போ. இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். பெயர் கொடுத்ததும் நான்தான்.

எனக்குப் பிறந்த ஊர் திருத்தணி. அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. இருப்பது ஒரே அக்கா. பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு வைக்கிற ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம் அவளுக்குக் குழந்தை இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் அவள் என்னென்ன பேச்சுக் கேட்டாள் என்பதை என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். பெண் பிறந்தது. முதல் மொட்டை திருத்தணி மலையில்தான், அன்றைக்கே காதும் குத்திவிடுவது என்று முடிவானது.

எங்கள் பக்கத்தில் இரண்டுமே தாய்மாமன் மடியில் வைத்துத்தான் நடக்கும். அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருப்பதும் நான் ஒருவன்தான். நான் போய் உட்கார்ந்தால்தான் அத்தனை பேர் நடுவில் அவளுக்கும் ஒரு ஆள் இருக்கிறது என்று ஆகும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் ஒரு வாரம் முன்பே பட்டுப் பாவாடையும் கொலுசும் வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

அன்று கிருத்திகை. ஒன்பதரைக்கு மொட்டை. அரக்கோணத்தில் எட்டு மணிக்கு, திருப்பதி போகும் எக்ஸ்பிரஸில் ஏறினேன். திருத்தணிக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. சீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஆட்டம் என்று போனை எடுத்தேன். அது மூன்றாவது ஆட்டமானபோது ரயில் வேகம் குறைந்தது. என்னிடம் ராணி இருந்தது, அந்த ஆளிடம் ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும்தான். ஜெயித்த ஆட்டம். ஆனால் என் நேரம் தீர்ந்துவிட்டது. தோல்வி என்று காட்டியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘மறு ஆட்டம்’ என்ற பொத்தானை அழுத்தினேன். ரயில் நின்றதும் தெரிந்தது, ஆட்கள் மூட்டை முடிச்சோடு இறங்கியதும் தெரிந்தது. இங்கே இரண்டு நிமிடம் நிற்கும், ஆட்டம் ஒரு நிமிடம்தானே, முடித்துவிட்டே இறங்கலாம் என்று நினைத்தேன். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் என்பது, ஆயிரக்கணக்கில் ஆடியவனுக்கு, அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

ஜெயித்தேன். தலையைத் தூக்கினால் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மலை ஜன்னலுக்குப் பின்னால் போய்விட்டது.

அடுத்து நின்றது ஆந்திராவுக்குள், ஏகாம்பரகுப்பத்தில். இறங்கி, ஆட்டோ பிடித்து நகரிக்குப் போனால், திருத்தணி பஸ் கூட்டம் சேரட்டும் என்று நின்றுகொண்டிருந்தது. அக்கா நாலு தடவை கூப்பிட்டாள். கண்டக்டர் பக்கத்திலேயே நின்று தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். எடுத்தால் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துவிடும் என்று நான் எடுக்கவே இல்லை. அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரத்தில் என்னை நானே திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

கிருத்திகைக் கூட்டத்தில் மலைப் பாதையும் நகரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். நேரம் போகிறது என்று அக்காவின் வீட்டுக்காரர், என் பாவாவே, தன் மடியில் வைத்து மொட்டை அடிக்க வைத்துவிட்டார். அப்பன் மடியிலா மொட்டை அடிப்பது என்று ஆளாளுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்து, “இன்னாடா, எங்க…” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

“ரயில் லேட்டுக்கா. சிக்னல் இல்லன்னு வழியிலயே நிறுத்திட்டான்” என்றேன்.

நகரி பஸ்ஸிலேயே போட்டு வைத்திருந்த பதில் அது.

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, “ரயிலு லேட்டு அத்தை. அவன் இன்னா பண்ணுவான்?” என்றாள். காது குத்த ஆசாரி தயாராக உட்கார்ந்திருந்தார். அவரிடம் அக்கா, “இன்னைக்கு வேணாங்க, நல்ல நேரம் முடிஞ்சிடுச்சு. மொட்டைதான் இப்படி ஆயிடுச்சு. காது என் தம்பி மடியிலதான் குத்தணும், நல்லா நடத்தலாம் இன்னொரு நாளு” என்றாள். வீட்டார் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அவள் அசையவில்லை. ஆசாரி தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சீர்ப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு வெட்கமாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள் என்பதால் அது மூன்றாம் வயது வரை தள்ளிப்போனது. அதுவரை அந்த வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் பேச்சு என்னைப் பற்றி வந்து நிற்கும். ரயில் லேட்டானால் அவன் என்ன செய்வான் என்று ஒவ்வொரு தடவையும் அக்கா சண்டைக்குப் போவாள். பாவா சொல்லி எனக்குத் தெரியும். நான் செஸ்ஸைப் போனிலிருந்து மூன்று தடவை அழித்தேன், மூன்று தடவை திரும்ப ஏற்றினேன். அந்த ஆட்டம் எனக்கு வேகத்தைக் கொடுத்தது, அது நிஜம். வாயிலிருந்து போய்விட்ட ஒரு பதிலை எடுத்து மறுபடி உள்ளே வைக்கத்தான் வழி காட்டவில்லை.

போன தை மாதம் அக்கா போன் செய்தாள். காதுகுத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது.

“முந்தின நாளே வந்து தங்கிடுடா.”

“சரிக்கா” என்றேன். பிறகு, இனிமேலும் தாங்காது என்று, “அக்கா, அன்னைக்கு ரயில் லேட் இல்ல” என்றேன்.

“தெரியும்.”

“எப்படி?”

“அதே ரயில்லதான் என் நாத்தனாரும் அவங்க வூட்டுக்காரரும் மெட்ராசுலேர்ந்து வந்தாங்க. ஒன்பது மணிக்கெல்லாம் மலை மேல இருந்தாங்க.”

“அப்போ நான் சொன்னப்பவே உனக்கு…”

“ஆங். எனக்கும் தெரியும், எங்க அத்தைக்கும் தெரியும், அங்க இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இன்னா ஆச்சுன்னுதான் தெரியல.”

சொன்னேன். போன், மூன்றாவது ஆட்டம், நாலாவது ஆட்டம், ஏகாம்பரகுப்பம், எல்லாம்.

“ஜெயிச்சியா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஜெயிச்சேன்.”

போனை வைத்துவிட்டாள். இரண்டு வருடமாக அவள் யாரிடம் சண்டை போட்டாளோ, அவர்கள் எல்லாருக்கும் நான் பொய் சொன்னது தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் போட்டிருக்கிறாள். அன்று பரிசோதனை நிலையத்தில் மெஷின் சுற்றி நின்ற பிறகும் வெகுநேரம் நான் குழாய்களை எடுக்கவில்லை.

முந்தின நாளே போய்விட்டேன். மறுநாள் காலையில் மலையில் குழந்தையை என் மடியில் உட்கார வைத்தார்கள். மூன்று வயது, நெளிந்துகொண்டே இருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். அப்போது அக்காவின் மாமியார், எல்லார் காதிலும் விழும்படி, “இன்னா தம்பி, இந்த வாட்டி ரயிலு டைமுக்கு வந்துச்சா?” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நான் முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அக்கா இனிமேல் எனக்காக யாரிடமும் சண்டைக்கு நிற்கக் கூடாது.

“அந்த வாட்டியும் டைமுக்குத்தான் வந்துச்சு அத்தை. நான்தான் போன்ல செஸ் ஆடிகினு ஸ்டேஷனை விட்டுட்டேன். லேட்டுன்னு பொய் சொன்னேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஆசாரிகூடக் கையை நிறுத்திவிட்டார். பாவா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தட்டில் பச்சரிசியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டை என் பக்கத்தில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைத்தான் நேராகப் பார்த்தாள்.

“அவன் இன்னாவோ சொல்றான் அத்தை. அன்னைக்கு ரயிலு லேட்டுதான்” என்றாள்.